யார் காதில் கோளாறு?

அத்தியாயம் 3

இறால் கூண்டுத் திருட்டு வழக்கு முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகப் படியேறி வந்த பெண்மணி, உட்காருவதற்கு முன்பே மூன்று காரியங்கள் செய்தார். ஜன்னலைச் சாத்தினார். சுவரோரம் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, கையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைக் கொஞ்சம் கீழே வைக்க முடியுமா என்று கேட்டார்.

வைத்தேன். பெற்ற தாய் சொல்லியே கேட்காதவன் நான். முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதும் வைத்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் குரல் அப்படி. சத்தம் போடாது, ஆனால் சொன்னதைச் செய்ய வைத்துவிடும்.

"காதுல மெஷின் போட்டு எத்தனை வருஷமாச்சு?" என்றார் என் முதலாளி டெல்மா பாஸ்கோ.

"ஆறு வருஷம். முடியால மறைச்சுதானே வெச்சிருக்கேன், எப்படித் தெரிஞ்சுது?"

"மெஷின் தெரியல. வந்ததும் வராததுமா ஒவ்வொரு சத்தமா அணைச்சீங்க இல்ல, அதுல தெரிஞ்சுது."

டெல்மாவைப் பற்றி இரண்டு வரி. வயது ஐம்பத்தெட்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்தைந்து வருடம் எரிந்த வீடுகளையும் மூழ்கிய படகுகளையும் சோதித்தவர். தானாக எரிந்ததா, எரித்துவிட்டு அழுகிறார்களா என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். நான் இவோ. சூரை மீன் படகில் பதினான்கு வருடம் வலை இழுத்தவன். முதுகு போன பிறகு வாய் மட்டும்தான் மிச்சம். அதற்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்த புண்ணியவதி இந்த டெல்மா. தூண்டில் இரை விற்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். எங்கள் ஊர் போர்ட் லிங்கனில் யாரைக் கேட்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டே வழி சொல்வார்கள்.

வந்தவர் பெயர் ரோவீனா டாங்கின். கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடல் மீட்புத் தொண்டர் குழுவின் ரேடியோ அறைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன், காரணம் செவித்திறன் குறைவு. நறுக்காகத் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. வருகிற திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டுமாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஊரில் படகு ஏறிய எவனுக்கும் அந்த ரேடியோ குரலைத் தெரியும். எஞ்சின் நின்றுபோய், அலை மேலே ஏறி அடிக்கும்போது, பயப்படாதே, நீ எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல் என்று கேட்கும் குரல். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குரல்தான். என் மாமன் உயிரோடு இருப்பதே அந்தக் குரலால்தான். சிப்ஸை ஏன் கீழே வைத்தேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

"லெட்டரை அடிச்சது யாரு?" என்று டெல்மா கேட்டார்.

"என் வீட்டுக்காரர் மெர்வின். அக்கறையாத்தான் அடிச்சுக் கொடுத்தான். ஒரு படகுக்காரன் கூப்பிட்டு உனக்குப் புரியாமப் போச்சுன்னா ஒரு உசுரு போயிடும் ரோவீனா, அப்புறம் உன்னால தூங்க முடியாதுன்னு சொன்னான்."

அவர் சொன்ன கதை இதுதான். ஏப்ரல் கடைசியிலிருந்து வீட்டு முன்னறையில் யார் பேசினாலும் அவருக்குப் புரியவில்லை. சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. விருந்தாளி சோகமாக ஏதோ சொல்லும்போது இவர் சிரித்துவைக்கிறார். கணவர் இசை போட்டால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது. ஆனால் சமையலறையில் நன்றாகக் கேட்கிறது. ரேடியோ அறையில் துல்லியமாகக் கேட்கிறது. அறையில் என்னவோ மாறிவிட்டது என்று மெர்வினிடம் சொல்லிப் பார்த்தார். அறையில் ஒன்றும் மாறவில்லை, உன் காதுதான் போய்க்கொண்டிருக்கிறது என்றார் மெர்வின். ஆகஸ்டில் ஏழு மணிநேரம் காரோட்டி அடிலெய்டுக்குக் கூட்டிப்போய்ச் சோதனையும் செய்யவைத்தார். போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியேதான் காது இருக்கிறது என்றார் அங்கே சோதித்த பெண். காதுச் சோதனை வரைபடத்தில் தெரியாத கோளாறுகளும் உண்டு என்று திரும்பி வரும் வழியெல்லாம் மெர்வின் சமாதானம் சொன்னாராம். ரோவீனா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாராம்.

"மெர்வின் சும்மா சொல்ற ஆள் இல்ல. சத்தத்தைப் பத்தி இந்த ஊர்ல அவனுக்குத்தான் எல்லாம் தெரியும். அவன் சொன்னா ஊரே கேக்கும். அதனாலதான் எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு." கடிதத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கோளாறு என் காதுலயா, என் வீட்டுலயா? திங்கக்கிழமைக்குள்ள அதைச் சொல்லிடுங்க. காதுதான்னா கையெழுத்துப் போட்டுடறேன்."

மெர்வினைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். தானியக் கிடங்கில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது அந்த முன்னறைதான். இசைப் பைத்தியம் பிடித்த ஏழு ஆண்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு இசைத்தட்டு, ஆளுக்கொரு தட்டுத் தின்பண்டம். பாட்டு ஓடும்போது மூச்சு விடக்கூடாது. முடிந்ததும் ஒரு மணிநேரம் சண்டை போடுவார்கள். அதில் பத்து வருடமாக ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் போதும், சுவருக்கு வைத்தியம் பார்ப்பது வெட்டி வேலை என்பார் மெர்வினின் உயிர்த்தோழர் க்ளைவ். நீ கேட்பதில் பாதி ஸ்பீக்கர், பாதி அறை என்பார் மெர்வின். சொன்னதோடு நிற்காமல், மரச்சட்டம் அடித்து, உள்ளே ராக்வூல் என்கிற கற்பஞ்சைத் திணித்து, மேலே துணி போர்த்தி, ஒன்பது பலகைகள் செய்து சுவரெல்லாம் மாட்டினார். அதற்கப்புறம் அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் மாதிரிதான் பேசினார்கள். அப்படிப்பட்ட மனிதர் உன் காதுதான் கோளாறு என்றால் யார் நம்பமாட்டார்கள்?

வியாழக்கிழமை மெர்வின் புல்தரைப் பந்தாட்டத்துக்குப் போன நேரத்தில் ரோவீனா எங்களை வீட்டுக்கு அழைத்தார். முன்னறை அழகுதான். வளைகுடாவைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே வழுவழுப்பான டைல்ஸ். சுவரில் சாம்பல் நிறத் துணியில் ஒன்பது பலகைகள், இஸ்திரி போட்டது மாதிரி.

டெல்மா பூதக்கண்ணாடியெல்லாம் எடுக்கவில்லை. என் கையில் அன்றைய செய்தித்தாளைக் கொடுத்து அறையின் கோடியில் நிற்க வைத்தார். ரோவீனாவை முதுகு காட்டி உட்காரச் சொன்னார். நான் சந்தை விலையைப் படித்தேன். பத்து வார்த்தைக்கு மூன்றுதான் ரோவீனா திருப்பிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் கழுத்து குறுகிக்கொண்டே போனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். பிறகு சமையலறை. சின்ன அறை, தாழ்வான மரக்கூரை, தரையில் தடித்த விரிப்பு, அலமாரி நிறையச் சாமான். அதே தூரம், அதே குரல். பத்துக்கு ஒன்பது.

திரும்ப முன்னறைக்கு வந்த டெல்மா ஒரே ஒரு தடவை கைதட்டினார். தட்டிய சத்தம் கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் நடுவே சிலீரென்று ஓடிவிட்டு நிதானமாகச் செத்தது.

"இவோ, பஞ்சு திணிச்ச பலகை ஒம்பது இருக்கிற ரூம் இப்படியா கத்தும்?"

பக்கத்திலிருந்த பலகையின் துணியில் விரலை வைத்து அழுத்தினார். பஞ்சு தடுத்திருக்க வேண்டிய இடத்தில் விரல் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடுத்த பலகையை நான் அழுத்தினேன். அதுவும் அப்படித்தான். ஒன்பதும் காலி.

"பாஸ், இது பலகை இல்ல. காத்துக்குப் போத்தின போர்வை," என்றேன். வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு டெல்மா முறைப்பார். அன்று முறைக்கவில்லை.

விஷயத்தை அவர் ரோவீனாவுக்கு விளக்கினார். பேசும் சொல் இந்தக் கண்ணாடியிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வருகிறது. முதல் சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறிக்கொள்கிறது. நல்ல காதுக்காரர்கள் மூளையைக் கொண்டு எப்படியோ பிரித்துக்கொள்வார்கள். காதில் மெஷின் போட்டவர்களுக்கு அது ஒரே இரைச்சல். இத்தனை வருடமாக அந்த வாலை விழுங்கிக்கொண்டிருந்தது பஞ்சு. பஞ்சு போனதும் முதலில் அடிபட்டது இவர்தான்.

ரோவீனா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார். "அப்ப என் காது இல்ல," என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததாக அவர் மெர்வினைப் பற்றித்தான் பேசினார்.

"மெர்வின் பாவம். இந்தப் பலகைமேல உசுரையே வெச்சிருக்கான். இதைக் கேட்டா ஒடைஞ்சு போயிடுவான்."

வீட்டில் ஆள் இல்லாமல் இருந்தது எப்போது என்று டெல்மா கேட்டார். ஏப்ரலில் இரண்டு வாரம் பல்லாரட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்களாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியை யாரிடம் கொடுத்தார்கள்? வேறு யாரிடம் கொடுப்பார்கள், க்ளைவிடம்தான்.

காரில் ஏறியதும் நான் நேரே க்ளைவ் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றேன். என் யோசனைகள் பெரும்பாலும் இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

"பிடிச்சா இல்லைன்னு சொல்லிட்டுப் போவான். பஞ்சைக் காட்டணும். ஒம்பது பலகைப் பஞ்சை ரோட்டோரக் குப்பையில போட முடியாது, தெருவே பாக்கும். சொந்த எடத்துலதான் எங்கயோ திணிச்சிருப்பான்." டெல்மா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "அந்தப் பஞ்சு எங்க இருந்தாலும் பக்கத்துல ஒரு சத்தம் செத்திருக்கும் இவோ. செத்த சத்தத்தைத் தேடு."

"இல்லாத சத்தத்தை எப்படிப் பாஸ் தேடறது?"

"அதைக் கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்டவங்களைத் தேடு. எங்க போச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்."

க்ளைவ் வீட்டுக்கு இடதுபக்க வீட்டில் அய்லீன் என்றொரு ஓய்வு பெற்ற நர்ஸ். தோட்ட வேலிக்கு வெளியே நின்று, இந்தத் தெருவில் வீடு வாங்கலாமென்று இருக்கிறோம், அமைதியான இடமா என்று டெல்மா கேட்டதுதான் தாமதம், அந்த அம்மாள் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டார். இப்போது அமைதிதான். போன கோடையில் கேட்டிருந்தால் ஓடிப்போய்விடுங்கள் என்று சொல்லியிருப்பாராம். க்ளைவின் தோட்டத்து நிலத்தடி நீர் பம்பு அப்படிக் கத்துமாம். நகரசபைக்கு நான்கு கடிதம் எழுதினாராம், ஒரு பதிலும் இல்லையாம். ஏப்ரலில் திடீரென்று க்ளைவுக்கு நல்ல புத்தி வந்துவிட்டதாம். பம்பைச் சுற்றி மரப்பெட்டி அடித்து உள்ளே எதையோ திணித்தார், அன்றிலிருந்து பம்பு ஓடுகிறதா இல்லையா என்றே தெரிவதில்லையாம்.

வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பெட்டியின் மூடியோரம் மஞ்சளும் பழுப்புமாகக் கற்பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. செல்பேசியில் நான்கைந்து படம் எடுத்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பஞ்சால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று பத்து வருடம் தொண்டை கிழியக் கத்திய மனிதர், அதே பஞ்சைத் திருடிக்கொண்டு வந்து தன் பம்பின் வாயை அடைத்திருக்கிறார். இந்த ஆளைப் பிடிக்க ஒரு துப்பறியும் நிறுவனம் வேண்டுமா என்று கேட்டேன்.

டெல்மா சிரிக்கவில்லை. கார் கதவைத் திறந்தபடி, ரோவீனாவிடம் மெர்வின் முதன்முதலில் உன் காதுதான் என்று சொன்னது எந்த மாதம் என்று விசாரிக்கச் சொன்னார். போன் செய்து கேட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் அதெல்லாம் உன் பிரமை என்றுதான் சொன்னாராம். ஜூன் நடுவில்தான் காது என்று சொல்ல ஆரம்பித்தாராம். அதிலிருந்து விடாமல் சொன்னாராம். ஜூன் என்று டெல்மா தன் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கம் மெர்வின் வீட்டில். ரோவீனா எங்களை நண்பர்கள் என்று சொல்லி உள்ளே அழைத்துப்போனார். மேஜையில் சாசேஜ் ரோல், முட்டை சாண்ட்விச், தேங்காய்த்தூள் தூவிய லாமிங்டன் கேக். புதிதாக வந்தவருக்கு நடு நாற்காலி என்பது சங்கத்தின் வழக்கமாம். என்னை அதில் உட்கார வைத்து ஒரு சாக்ஸபோன் இசைத்தட்டைப் போட்டார்கள். ஏழு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். முடிந்ததும் ஒருவர், மெர்வினின் அறையில் கேட்ட பிறகு சொந்த வீட்டுக்குப் போகவே மனசு வருவதில்லை என்றார். இன்னொருவர் அந்தப் பலகைகளைக் கையால் காட்டி, வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிகிறது பாருங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தார். அவர் காட்டியது வெறும் துணியை. மெர்வின் தலையை லேசாகத் தாழ்த்தி பாராட்டை வாங்கிக்கொண்டார். ரோவீனா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தன் வீட்டு நாற்காலியில் உட்காரக்கூட இப்போதெல்லாம் அவர் வருவதில்லை.

டெல்மா எழுந்து, பலகைகள் ஒன்பதும் காலி என்று சாதாரணமாகச் சொன்னார். என் செல்பேசியை வாங்கிப் பம்புப் பெட்டிப் படத்தைச் சுற்றுக்கு விட்டார்.

க்ளைவ் முகத்தில் குற்ற உணர்ச்சியா தெரிந்தது? தொடையைத் தட்டிச் சிரித்தார். ஒரு மாதம் பொறுத்துச் சொல்லலாமென்றுதான் இருந்தாராம். மற்றவர்கள் இங்கே வரும்போதெல்லாம் பலகையைப் புகழ்ந்ததைக் கேட்கக் கேட்க நிறுத்த மனசு வரவில்லையாம்.

"ஆறு மாசம்டா. ஆறு ஜோடிக் காது. ஒருத்தனாவது கண்டுபிடிச்சீங்களா? பத்து வருஷமா நான் சொன்னேன்ல, பலகை சும்மா அழகுக்குத்தான்னு. இப்ப ஒத்துக்கங்க."

மற்ற ஐந்து பேரும் திருதிருவென்று விழித்தார்கள். மெர்வின் கையில் சாசேஜ் ரோல் தட்டோடு எழுந்து நின்று, என் வீட்டுச் சாவியைக் கொடுத்தேனே, முப்பது வருட சிநேகிதம் இதுதானா என்று க்ளைவைப் பார்த்துக் கொதித்தார். பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது.

"எண்ணிக்கை தப்பு," என்றார் டெல்மா. "இந்த வீட்டுல ஏழு ஜோடிக் காது. ஏழாவது ஜோடி முதல் நாளே கண்டுபிடிச்சிடுச்சு. நீங்க எல்லாரும் சுவத்தைப் பாத்துட்டுக் கண்ணாலயே கேட்டீங்க. ரோவீனாதான் காதால கேட்டாங்க."

எல்லார் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் மெர்வின் செய்த காரியத்தை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. மனைவியைப் பார்க்கவில்லை அவர். க்ளைவைப் பார்த்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"பாத்தியா க்ளைவ்? மெஷின் போட்ட காதுக்கே தெரிஞ்சிருக்கு. பலகை முக்கியம்னு நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா? நான்தான்டா ஜெயிச்சேன்."

டெல்மா அவரைப் பேசவிட்டார். பிறகு, உள்ளே எப்படி இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டும், ஒரு பலகையைக் கழற்றிக் காட்டுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். மெர்வின் தட்டைக் கூடக் கீழே வைக்கவில்லை. இடதுகையில் தட்டு, வலதுகையை நீட்டிப் பலகையின் அடிச்சட்டத்தைப் பிடித்துக் கொக்கியிலிருந்து தூக்கி எடுத்தார். ஒரு ரோல் கூட உருளவில்லை.

டெல்மா அந்தக் கையையே பார்த்தார். எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது.

"மாட்டும்போது ஒரு பலகை எத்தனை கிலோ மெர்வின்?" என்றார் டெல்மா.

க்ளைவ்தான் பதில் சொன்னார். பன்னிரண்டு கிலோ. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாட்டியதில் தனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி மெர்வினின் ஒற்றைக் கையைப் பார்த்தார்.

"பன்னெண்டு கிலோ இருக்கும்னு நெனைக்கிறவன் தட்டைக் கீழ வெச்சிட்டு ரெண்டு கையால பிடிப்பான். காலின்னு இப்பதான் தெரிஞ்சவன் கூடப் பழக்கதோஷத்துல அப்படித்தான் பிடிப்பான். நீங்க ஒத்தக் கையில எடுத்தீங்க. அதோட கனம் உங்க கைக்கு முன்னாடியே தெரியும். எப்பலேர்ந்து? ஜூன் மாசமா?"

மெர்வின் தட்டை மேஜையில் வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு முனகலாகப் பேசினார். சிலந்திக்கூடு தட்டுவதற்காக ஜூனில் ஒரு பலகையை இறக்கினாராம். கனம் இல்லாததால் பின்னால் சாயப் போனாராம். க்ளைவின் வேலைதான் என்று உடனே புரிந்துவிட்டதாம். ஆனால் அதற்குள் ஏழெட்டு வாரம் அந்த அறையில் உட்கார்ந்து கேட்டாயிற்று. தனக்கே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதை எந்த முகத்தோடு சொல்வது? ஊரே தன் காதைக் கொண்டாடுகிறது. ஒருநாள் ரகசியமாகப் பஞ்சு வாங்கித் திணித்துவிடலாம் என்று தள்ளிப்போட்டாராம்.

நான் மனதுக்குள் மாதங்களை எண்ணினேன். ஜூனில் தெரியும். அப்படியானால் ஆகஸ்டில் ஏழு மணிநேரம் காரோட்டிப் போனாரே, அது தெரிந்தே போனது. பக்கத்தில் மனைவி அழுதுகொண்டு வர, தெரிந்தே பொய்ச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அந்தக் கடிதமும் தெரிந்தே அடித்தது. ரேடியோ அறையில் ரோவீனாவுக்கு நன்றாகக் கேட்கிறது என்ற ஒரு சாட்சி மிச்சம் இருந்ததே, அதையும் மூடப் பார்த்திருக்கிறார். திருடனைப் பார்த்திருக்கிறேன், படகைக் கொளுத்தியவனைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி நிதானமான பாவத்தை நான் பார்த்ததில்லை. எழுந்து ஒரு அறை விட்டிருப்பேன், டெல்மா என் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

க்ளைவின் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. ரோவீனாவுக்கு இப்படி ஆகும் என்று சத்தியமாகத் தெரியாது என்று அவர் வாசலைப் பார்த்துச் சொன்னார். ரோவீனா காதருகே கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கண்ணாடியும் டைல்ஸும் மெர்வினின் முனகலைக் குழப்பிக் கலைத்துவிட்டிருந்தன. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது தெரிந்தும், என்ன பேசினார்கள் என்று அந்த அறையில் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

நான் சொல்லட்டுமா என்று டெல்மா கேட்டார். ரோவீனா வேண்டாமென்று தலையசைத்தார்.

"மெர்வின், கிச்சனுக்கு வா. இங்க எனக்குக் கேக்காது. இப்ப சொன்னதை அங்க வந்து திரும்பச் சொல்லு."

மெர்வின் போனார். சமையலறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார் ரோவீனா. மேஜைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மெர்வின். ஆறு ஆண்களும் நாங்கள் இருவரும் முன்னறையில் மரம் மாதிரி நின்றோம். மெர்வின் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். ஜூனைச் சொன்னார், காரைச் சொன்னார். கடிதத்துக்கு வந்தபோது நிறுத்தினார். ரோவீனா காத்திருந்தார். அதையும் சொன்னார்.

ரோவீனா குறுக்கே பேசவில்லை. ஒரு வார்த்தையைக் கூடத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. எல்லாம் கேட்டுவிட்டது.

"என் மூளை கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் மெர்வின். எங்கம்மாவுக்கு வந்த மறதி வியாதி எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன். ராத்திரி நீ தூங்கினப்புறம் முழிச்சிருந்து, பிள்ளைங்க பேரையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாத்துக்குவேன். அது உனக்குத் தெரியுமா?"

மெர்வின் தெரியாது என்றார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிஃப்ட் எனக்கு. ரேடியோ ரூமுக்குப் போறேன். அங்கேர்ந்து பல்லாரட்டுக்கு, பொண்ணு வீட்டுக்கு. எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

மெர்வின் மேஜையைச் சுற்றி ஓரடி வைத்தார். ரோவீனா கையை உயர்த்தி நிறுத்தினார். முடியை ஒதுக்கி, வலது காது மெஷினைக் கழற்றினார். பிறகு இடது. இரண்டையும் மேஜைமேல், மெர்வினுக்கு எதிரே வைத்தார்.

"இப்ப மன்னிப்புக் கேளு," என்றார்.

மெர்வின் கேட்டார். நெடுநேரம் கேட்டார், அழுதுகொண்டே கேட்டார். முன்னறையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் அது ஒரு சொல் விடாமல் கேட்டது. ரோவீனா ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.